அப்பாவின் கிட்டாரில் மயில் வரையலாம், முன்பலகையைச் சுரண்ட வேண்டாம்

கேள்வி: அப்பா 1980-களில் வாங்கிய அக்கூஸ்டிக் கிட்டார் வீட்டில் இருக்கிறது. பாலிஷ் மஞ்சளித்து, அங்கங்கே கீறலும் விழுந்திருக்கிறது. பழைய பூச்சை முழுவதும் எடுத்துவிட்டு, முன்பக்கம் முழுக்க ஏர்பிரஷ்ஷில் (காற்றழுத்தத்தில் கலர் தூவும் சின்னக் கருவி) மயில் வரைய ஆசை. தெரிந்த கார் பெயிண்டிங் பட்டறையில் மேலே நிறமில்லாத கிளியர் பூச்சு அடித்துத் தருவதாகச் சொல்கிறார்கள். சத்தம் கெட்டுவிடுமா?

பதில்: நீங்கள் சொல்கிற முறையில் செய்தால் கெடும். வேறு முறையில் செய்தால் கெடாது, மயிலும் கிடைக்கும்.

வண்ணம் தீட்டிய கிட்டார் என்றதும் பலருக்கு 1967-ல் டச்சு ஓவியர்கள் வரைந்து கொடுத்த, ராக் கிட்டார் கலைஞர் எரிக் கிளாப்டனின் கிப்சன் எஸ்ஜி கிட்டார்தான் ஞாபகம் வரும். அது கெட்டிக் கட்டையில் செய்த எலக்ட்ரிக், கம்பியின் அதிர்வை மின்சாரமாக்கும் பிக்கப் வழியாகத்தான் சத்தம் வெளியே வருகிறது, அதனால் பெயிண்ட் கொஞ்சம் கூடினால் ஒன்றும் ஆகாது. உங்கள் கிட்டாரில் சத்தத்தை உண்டாக்குவதே மூன்று மில்லிமீட்டர் கனம்கூடப் பெரும்பாலும் வராத அந்த முன்பலகைதான். அது அதிர வேண்டும். கார் பட்டறையில் பட்டி பார்த்து, பிரைமர் அடித்து, கலர் மேல் கிளியர் இரண்டு மூன்று கோட் ஏற்றிப் பழக்கம். தகரத்துக்கு அது சரியான வேலை, இந்தப் பலகைக்கு அது போர்வை.

முதலில் கிட்டார் இந்தச் செலவுக்குத் தகுதியாக இருக்கிறதா என்று பாருங்கள். பிரிட்ஜின் (முன்பலகையில் கம்பிகளைப் பிடித்திருக்கும் கட்டை) பின்விளிம்பில் ஒரு மெல்லிய காகிதத்தை நுழைத்துப் பாருங்கள், உள்ளே போனால் பசை விட்டிருக்கிறது. கம்பிகள் எல்லாம் சேர்ந்து ஏறக்குறைய 70 கிலோ இழுப்பு கொடுக்கும், அதனால் பிரிட்ஜ் தூக்கினாலோ கழுத்து வளைந்திருந்தாலோ அதைச் சரிசெய்த பிறகுதான் ஓவியம். கிட்டார் பழைய மார்ட்டின் அல்லது கிப்சன் மாதிரி விலை போகிற பொருளாக இருந்தால் பூச்சில் கையே வைக்காதீர்கள், மறுபூச்சு கண்ட கிட்டாரின் மதிப்பு பலமாக இறங்கிவிடும்.

அடுத்து, முன்பலகையின் நடுவிலுள்ள வட்டத் துளையான சவுண்ட் ஹோலின் விளிம்பை டார்ச் அடித்துப் பாருங்கள். மேலே தெரிகிற மரவரிகள் அப்படியே விளிம்பிலும் இறங்கினால் ஒரே பலகை. அடுக்கடுக்காகத் தெரிந்தால் பிளைவுட். அந்தக் காலத்து விலை குறைந்த கிட்டார்களில் பிளைவுட்தான் அதிகம், அதன் மேல் அடுக்கு ஒரு மில்லிமீட்டருக்கும் குறைவு. கொஞ்சம் அழுத்தி உப்புத்தாள் போட்டாலே அது தேய்ந்து, கீழே குறுக்கு வரியோடு வேறு நிறத் திட்டு வெளியே வரும், அதைத் திருப்பி மூட வழியே இல்லை. ஹீட் கன் காட்டினால் உள்ளே இருக்கும் தாங்கு குச்சிகளின் பசை இளகும். பெயிண்ட் ரிமூவர் ஓரத்தில் ஒட்டியிருக்கும் பிளாஸ்டிக் பட்டையான பைண்டிங்கைக் கரைத்துவிடும். இதனால்தான் சுரண்டவே வேண்டாம் என்கிறேன். பழைய பூச்சு உரியாமல் பிடித்திருந்தால் அதுவே உங்களுக்குக் கிடைத்த நல்ல பிரைமர்.

பழைய பர்னிச்சர் பாலிஷின் சிலிகான் ஒட்டியிருந்தால் புதுப் பூச்சு அங்கங்கே வட்ட வட்டமாக விலகி நிற்கும், அதனால் சோப்புத் தண்ணீரில் பிழிந்த துணியால் துடைத்து, காய்ந்ததும் நாப்தாவால் (பெட்ரோலியக் கரைப்பான்) ஒரு முறை துடையுங்கள். கம்பிகளைக் கழற்றி, விரல் வைத்து வாசிக்கும் ஃபிரெட்போர்டையும் பிரிட்ஜையும் டேப் ஒட்டி மூடி, சவுண்ட் ஹோலுக்குள் ஒரு பலூனை விட்டு ஊதிக் கட்டிவிடுங்கள். 600 நம்பர் உப்புத்தாளால் பளபளப்பு போகும் வரை மட்டும் கையால் தேயுங்கள், மெஷின் வேண்டாம். அதன் மேல் மெழுகு நீக்கிய அரக்கு பாலிஷ் மெல்லிசாக ஒரு கோட். அரக்கு ஏறக்குறைய எதன் மேலும் பிடிக்கும், அதன் மேலும் எதுவும் பிடிக்கும்.

இனி மயில். முன்பலகையில் முழுதாக வரையாதீர்கள். பலகை அதிகம் அதிர்வது பிரிட்ஜைச் சுற்றி, ஓரங்களில் அதிர்வு குறைவு. மயிலையும் விரித்த தோகையையும் பின்பலகையில் வைத்து, இரண்டு மூன்று பீலிகளை மட்டும் விளிம்பு தாண்டி முன்பக்கத்துக்கு வளைத்து, கழுத்து சேரும் மேல்பகுதி ஓரத்தில் முடியுங்கள். என் கண்ணுக்கு முழு முன்பக்க ஓவியத்தைவிட இதுவே அழகு, மரவரியும் தெரியும். வலக்கைப் பழக்கம் என்றால் முழங்கை பதிகிற மேல் விளிம்பில் பீலிக் கண் வராமல் பார்த்துக்கொள்ளுங்கள், வியர்வையில் முதலில் தேய்வது அந்த இடம்தான்.

0.3 மி.மீ நாசில் உள்ள, காற்றையும் கலரையும் தனித்தனியாகக் கட்டுப்படுத்த விடும் டபுள் ஆக்‌ஷன் ஏர்பிரஷ் போதும். தண்ணீரில் கலக்கும் அக்ரிலிக் கலரைப் பால் பதத்துக்குக் கரைத்து, 15 முதல் 25 பிஎஸ்ஐ அழுத்தத்தில், ஈரம் தெரியாத அளவுக்குப் பனி மாதிரி அடியுங்கள். பீலிக் கண்ணுக்கு வெளியிலிருந்து உள்ளே, வெளிர் நிறத்திலிருந்து அடர் நிறத்துக்கு வாருங்கள்: பொன் பச்சை, செம்பு, நீலப்பச்சை, நடுவில் கருநீலம். ஸ்டென்சில் விளிம்பில் பெயிண்ட் மேடு கட்டினால் கிளியருக்கு மேலும் அது தெரியும், அதனால் ஒரே இடத்தில் நின்று அடிக்காதீர்கள். முதலில் ஒரு பிளைவுட் துண்டில் முழு ஓவியத்தையும் போட்டுப் பார்த்துவிடுங்கள்.

மேல்பூச்சுக்கு தின்னரில் கரையும் என்சி (நைட்ரோசெல்லுலோஸ்) லேக்கர். முதல் இரண்டு கோட் தூவுகிற மாதிரிதான் இருக்க வேண்டும், ஈரமாக அடித்தால் தின்னர் அடியில் இருக்கும் கலரைப் பிடித்து இழுக்கும். முன்பலகையில் ஓவியம் மூடும் அளவோடு நிறுத்திவிடுங்கள், பின்பலகையில் கொஞ்சம் கூடினால் பரவாயில்லை. பட்டறைக்காரர் ஹார்டனர் கலந்து அடிக்கும் 2கே கிளியர்தான் என்று பிடிவாதம் பிடித்தால் பின்பலகைக்கு மட்டும் சம்மதியுங்கள், ஆனால் நீங்களே வீட்டில் அதை அடிக்காதீர்கள். அதிலுள்ள ஐசோசயனேட் என்ற ரசாயனம் ஆஸ்துமாவை உண்டாக்கும், துணி மாஸ்க் அதைத் தடுக்காது. லேக்கருக்கும் ஆர்கானிக் வேப்பர் கார்ட்ரிட்ஜ் (தின்னர் ஆவியை வடிகட்டும் டப்பி) போட்ட மாஸ்க் கட்டாயம். அக்கம்பக்கத்தில் அடுப்போ பூஜை விளக்கோ எரியக் கூடாது, நாப்தாவும் தின்னரும் சட்டென்று பற்றும்.

கடைசிக் கோட்டுக்குப் பிறகு மூன்று நான்கு வாரம் தொங்கவிடுங்கள். மூக்கை வைத்தால் தின்னர் வாசனை வரக் கூடாது, அதற்கப்புறம்தான் 1500, 2000 வாட்டர் பேப்பரும் ரப்பிங் காம்பவுண்டும். இந்த வேலையை ஐப்பசி கார்த்திகையில் தொடங்காதீர்கள், காற்றில் ஈரம் இருந்தால் லேக்கர் வெள்ளையாகப் பூத்துவிடும், மாசி பங்குனி வரை பொறுங்கள். அதுவரைக்கும் பிளைவுட் துண்டில் பீலி போட்டுப் பழகலாம்.