கடியும் கல்யாணமும்

அன்புள்ள எழுத்தாளருக்கு,

வணக்கம். தயங்கித் தயங்கித்தான் இதை எழுதுகிறேன். நான் வாம்பயர் ஃபேன் ஃபிக்ஷன், அதாவது ரத்தம் குடிக்கும் காட்டேரிகளை வைத்து ரசிகர்கள் எழுதும் கதைகள், எழுதுகிறவள். வேலை முடிந்து, வீட்டில் எல்லோரும் தூங்கிய பிறகு மொபைலில் தட்டி அத்தியாயம் அத்தியாயமாகப் போடுகிறேன். பன்னிரண்டாம் அத்தியாயத்தில் நாயகன் நாயகியைக் கடிக்கிறான். இருவருக்கும் பாண்டிங் உண்டாகிறது. அவன் வலி இவளுக்குத் தெரியும், இவள் பயம் அவனுக்குத் தெரியும், பிரிந்தால் இருவராலும் தாங்க முடியாது. முப்பதாம் அத்தியாயத்தில் கல்யாணம் வைத்திருக்கிறேன். அதற்குத்தான் திட்டு வாங்குகிறேன். 'உயிரோடு உயிர் கலந்தாச்சு, அப்புறம் எதுக்கு மோதிரமும் சாட்சியும், ஒரே இழுவை' என்கிறார்கள். ஒருவர், 'அவளுக்கு வேறு வழியே இல்லை, அதுதானே பாண்டிங்கோட அழகு' என்று எழுதியிருந்தார். எனக்கும் அது சரியென்றே படுகிறது. கல்யாணத்தைத் தூக்கிவிடலாமா? சிலுவையைக் கண்டால் ஒதுங்குகிறவனுக்குத் தேவாலயத்தில் எப்படிக் கல்யாணம் செய்து வைப்பது? கடைசியாக ஒன்று: இதெல்லாம் இலக்கியம்தானா?

ஒரு வாசகி

*

அன்புள்ள வாசகிக்கு,

உங்கள் கேள்விகளில் இரண்டை முதலிலேயே ஓரம் கட்டிவிடுகிறேன். இலக்கியமா இல்லையா என்ற வழக்கை எழுதாதவர்கள் நடத்திக்கொள்ளட்டும். வீடு அடங்கிய பிறகு மொபைல் வெளிச்சத்தில் உட்கார்ந்து முப்பது அத்தியாயம் எழுதியவருக்கு அந்தக் கவலை வேண்டாம். எழுதுங்கள், நிறுத்தாதீர்கள். சிலுவை விஷயம் அதைவிடச் சின்னது. உலகம் உங்களுடையது, விதியும் உங்களுடையது. தேவாலயம் ஒத்துவராது என்றால் பதிவு அலுவலகத்தில் செய்து வையுங்கள்.

ஆனால் அந்தக் கமெண்ட்டையும், அதற்கு நீங்கள் தலையாட்டியதையும் அப்படி விட முடியாது. 'அவளுக்கு வேறு வழியே இல்லை.' இதில் என்ன அழகைக் கண்டீர்கள்? ஒரு பெண் வேறு வழியில்லாமல் ஒருவனோடு இருப்பதைப் பக்கத்து வீட்டில் பார்த்தால் உங்களுக்குப் பதறும். அவனுக்கு வெளிறிய முகமும் முதுமை தீண்டாத அழகும் கொடுத்துவிட்டால் அதே நிலைமை காதலாகிவிடுமா?

சில நாட்களாக நான் டிராகுலாவை மறுபடி வாசித்துக்கொண்டிருக்கிறேன். பிராம் ஸ்டோக்கர் 1897இல் வெளியிட்ட அந்த நாவலுக்குள், நீங்களும் உங்கள் வாசகர்களும் இப்போது போடும் சண்டை முழுசாக இருக்கிறது. அதன் நாயகி மினாவுக்கு இரண்டு பிணைப்புகள். முதலாவது கல்யாணம். புடாபெஸ்ட்டில் ஒரு மருத்துவமனை. வாம்பயரான கவுண்ட் டிராகுலாவின் கோட்டையிலிருந்து தப்பி வந்த அவள் காதலன் ஜோனதன் மூளைக் காய்ச்சலில் கிடந்து தேறிக்கொண்டிருக்கிறான். கோட்டையில் எழுதிய நாட்குறிப்பை அவளிடம் கொடுத்து, வேண்டுமானால் படித்துக்கொள், என்னிடம் மட்டும் அதைப் பற்றிப் பேசாதே என்கிறான். தலையணைகளை முட்டுக்கொடுத்து அவனை உட்காரவைத்து, கட்டிலிலேயே கல்யாணம் முடிகிறது. எல்லோரும் வெளியே போன பிறகு மினா அந்த நோட்டை எடுத்து வெள்ளைத் தாளில் சுற்றுகிறாள். தன் கழுத்தில் கிடந்த வெளிர்நீல ரிப்பனால் கட்டுகிறாள். முடிச்சின் மேல் அரக்கு உருக்கி விட்டு, சற்று முன் விரலில் ஏறிய கல்யாண மோதிரத்தையே அதில் முத்திரையாக அழுத்துகிறாள். உன் நன்மைக்காக, அல்லது தட்ட முடியாத கடமைக்காகத் தவிர இதைப் பிரிக்க மாட்டேன் என்று அவனிடம் சொல்கிறாள்.

கொஞ்சம் நின்று பாருங்கள் இந்த இடத்தில். அவனுக்குள் என்ன நடந்தது என்று தெரிந்துகொள்ளும் வழி அவள் கையில் இருக்கிறது. படிக்க அனுமதியும் இருக்கிறது. படிக்காமல் மூடி வைக்கிறாள். உங்கள் பன்னிரண்டாம் அத்தியாயத்தில் கடித்த மறுநிமிடம் இருவர் மனசும் ஒருவருக்கொருவர் திறந்து கிடக்கிறது. அதற்கப்புறம் ஒருவரை ஒருவர் நம்புவதற்கு அவர்களுக்கு என்ன மிச்சம் வைத்திருக்கிறீர்கள்? அவன் இரவெல்லாம் எங்கே போயிருந்தான் என்று அவள் தவிக்கவே முடியாது. கேட்கலாமா வேண்டாமா என்று தயங்கவும் முடியாது. பதினெட்டு அத்தியாயம் உங்கள் கதை ஏன் தள்ளாடுகிறது என்று நினைக்கிறீர்கள்? கல்யாணம் இழுவையாகத் தெரிவதற்குக் காரணம் கல்யாணத்தில் இல்லை. அதற்கு முன்னாலேயே எல்லாம் முடிந்துபோனதுபோல் எழுதிவிட்டீர்கள்.

மினாவின் இரண்டாவது பிணைப்பு கவுண்ட் போடுவது. நீ இனி என் சதையின் சதை, ரத்தத்தின் ரத்தம் என்கிறான். பைபிளில் ஆதாம் ஏவாளைப் பார்த்துச் சொன்னதைத் திருடிக்கொண்டு வருகிறான். என் மனம் 'வா' என்றால் நீ நிலமும் கடலும் தாண்டி வருவாய் என்கிறான். பிறகு தன் மார்பை நகத்தால் கீறி, அவள் இரண்டு கைகளையும் ஒரு கையால் இறுக்கி, மறுகையால் கழுத்தைப் பிடித்து, அவள் வாயை அந்தக் காயத்தில் அழுத்துகிறான். மூச்சுமுட்டிச் சாக வேண்டும், இல்லை குடிக்க வேண்டும். ரத்தம் மாற்றிக்கொள்வது, தூரத்திலிருந்து மனசால் அழைப்பது என்று நாம் பாண்டிங்கில் கொண்டாடுகிற அத்தனையும் இந்த ஒரு காட்சியில் இருக்கிறது. ஸ்டோக்கர் இதைக் காதல் காட்சியாக எழுதவில்லை. வன்முறையாகவே எழுதினார்.

மினா அதற்கப்புறம் செய்வதுதான் எனக்குப் பிடித்தது. விடிவதற்கு முன்னால், டிராகுலாவை வேட்டையாடும் டாக்டர் வான் ஹெல்சிங்கைக் கூப்பிடச் சொல்லி, என்னை ஹிப்னாடைஸ் செய்யுங்கள் என்று அவளே கேட்கிறாள். கண்மூடிக் கிடந்தபடி இருட்டு, தண்ணீர் மோதும் சத்தம் என்று ஒவ்வொன்றாகச் சொல்கிறாள். அவன் கப்பலில் தப்பி ஓடுகிறான் என்பது அப்படித்தான் தெரிகிறது. அவன் தன்னைக் கட்டிப்போட்ட கயிற்றின் மறுமுனையைப் பிடித்து அவனையே தேடிப் போகிறாள். 'அவளுக்கு வேறு வழியே இல்லை' என்று ஸ்டோக்கரும் நினைத்திருந்தால் நாவலின் கடைசிப் பகுதியே இருந்திருக்காது.

ரத்தமே கல்யாணம் என்று சொல்கிறவனும் இதே நாவலில் உண்டு. மினாவின் தோழி லூசியை டிராகுலா கடித்து ரத்தம் குடிக்கிறான். அவளுக்கு ரத்தம் கொடுத்த, அவளை மணக்கவிருந்த ஆர்தர், அவள் இறந்த பிறகு, அந்த ரத்தத்தாலேயே அவள் கடவுளின் பார்வையில் என் மனைவி ஆகிவிட்டாள் என்கிறான். அவனுக்குப் பிறகு இன்னும் மூன்று பேர் அவளுக்கு ரத்தம் கொடுத்தது அவனுக்குத் தெரியாது. அந்த மூன்று பேரும் வாயைத் திறக்கவில்லை. லூசியை யாரும் எதுவும் கேட்டதில்லை. தன் உடம்புக்குள் நாலு பேர் ரத்தம் ஓடியதையும், அதை வைத்து ஒருவன் தன்னை மனைவி என்று சொல்லிக்கொண்டதையும் அறியாமலே அந்தப் பெண் போய்ச் சேர்ந்துவிட்டாள். ஒவ்வொரு முறையும் இந்த இடத்தில் எனக்கு நெஞ்சு அடைத்துக்கொள்ளும்.

என் தோழி ஒருத்தியின் பதிவுத் திருமணத்தில் சாட்சிக் கையெழுத்துப் போட்டவள் நான். வாயாடி அவள். பிறந்ததே அவனுக்காகத்தான் என்று சொல்லிச் சொல்லி எங்கள் காதைப் புளிக்க வைத்தவள். அதிகாரி படிவத்திலிருந்து தலையை நிமிர்த்தி, மாப்பிள்ளையைப் பார்க்காமல் அவளை மட்டும் பார்த்து, பெயர் சொல்லிக் கூப்பிட்டு, 'உங்க விருப்பத்தோடதானே?' என்றார். அவள் பதில் சொல்லவில்லை. பேனா மூடியைத் திருகிக் கழற்றினாள். மாட்டினாள். மறுபடி கழற்றினாள். மாப்பிள்ளைக்கு வேர்த்துவிட்டது. அதன் பிறகுதான் 'ஆமா' என்றாள், கையெழுத்துப் போட்டாள். வெளியே வந்ததும் ஏன்டி அப்படி நின்றாய் என்று கேட்டேன். 'இதுவரைக்கும் யாரும் என்கிட்ட கேட்டதே இல்ல. அதான் யோசிச்சுப் பார்த்தேன்' என்றாள்.

உங்கள் முப்பதாம் அத்தியாயத்தில் எனக்கு வேண்டியது அந்தப் பேனா மூடிதான். அந்த நேரத்தில் அவள் வேண்டாம் என்றிருந்தால் நாங்கள் எல்லோரும் அவளைக் கூட்டிக்கொண்டு எழுந்து போயிருப்போம். கடிபட்டவளுக்கு யார் இருக்கிறார்கள்? குறுந்தொகையில் கபிலர் பாட்டு ஒன்று உண்டு. அவன் என்னை மணந்த அன்று அங்கே யாரும் இல்லை, அவன் பொய் சொன்னால் நான் என்ன செய்வேன் என்று கேட்கிற பெண், ஓடுகிற நீரில் ஆரல் மீனைப் பார்த்து நின்ற குருகு ஒன்று மட்டும் இருந்தது என்கிறாள். உங்கள் நாயகிக்கு அந்தக் குருகுகூட இல்லை.

கல்யாணம் மட்டும் யோக்கியமா என்று கேட்பீர்கள். நியாயம். பாலிடோரியின் 'தி வாம்பயர்' 1819இல் வந்தது. வாம்பயரைச் சீமானாக உருமாற்றிய அந்தக் கதை முடிவதே ஒரு கல்யாணத்தில்தான். மணமகன் வாம்பயர், மணமகள் அவனுக்கு இரை. ஆனால் அங்கே உண்மை தெரிந்த ஒரே ஆள் மணமகளின் அண்ணன். அவன் வாயை ஒரு சத்தியம் வாங்கி முன்கூட்டியே கட்டிப்போட்டுவிடுகிறான் வாம்பயர். சாட்சியை ஊமையாக்கினால்தான் அந்தக் கல்யாணத்தை அவனால் நடத்த முடிகிறது. நான் சொல்வதற்கு இது எதிர்வாதமா, ஆதரவா என்று நீங்களே பாருங்கள்.

பாண்டிங்கே கூடாது என்று நான் சொல்லவில்லை. வாம்பயர் கதைகளுக்கு வெளியே, ஸ்டார் ட்ரெக் என்ற விண்வெளித் தொலைக்காட்சித் தொடரின் ரசிகர்கள் 1970களிலேயே மனப்பிணைப்பை வைத்து எழுதித் தள்ளியிருக்கிறார்கள். அதற்கு விதை 1967இல் வந்த ஓர் எபிசோட். ஏழு வயதில் ஸ்பாக் என்ற வேற்றுக்கிரகப் பாத்திரத்தோடு மனசால் பிணைக்கப்பட்ட பெண், கல்யாணச் சடங்கின் நடுவே நின்று அவன் வேண்டாம் என்கிறாள். அதற்கு அந்தச் சமூகத்தில் முறைப்படி ஒரு வழி இருக்கிறது. பிணைப்பையும் எழுதலாம், அதை மறுப்பவளையும் எழுதலாம். ட்விலைட் நாவல் வரிசையில் வாம்பயரான எட்வர்டுதான் கடிக்கு முன்னால் கல்யாணம் என்று அடம்பிடிப்பவன். அது எனக்குப் பிடிக்கும். அதே வரிசையின் கடைசி நாவலில், அப்போதுதான் பிறந்த குழந்தைமேல் ஓநாயாக உருமாறும் ஜேக்கப் 'இம்ப்ரிண்ட்' ஆகிறான், அதாவது தன்னையறியாமலே அவளோடு ஆயுளுக்கும் பிணைக்கப்படுகிறான். அவன் கையில் எதுவும் இல்லை என்பதுதான் அங்கேயும் சமாதானம். எனக்கு அது இன்றுவரை செரிக்கவில்லை.

இப்போது உங்கள் கதை. அழைக்காத வீட்டுக்குள் வாம்பயர் முதல் முறை நுழைய முடியாது, ஒருமுறை அழைத்துவிட்டால் பிறகு நினைத்தபோதெல்லாம் வரலாம் என்று வான் ஹெல்சிங் சொல்கிறார். மினா தங்கியிருந்த இடத்துக்கு டிராகுலாவை அழைத்தது அவள்கூட இல்லை, அங்கே நோயாளியாக இருந்த ரென்ஃபீல்ட். இந்த விதியின் இரண்டாம் பாதியை உங்கள் உலகத்தில் உடைத்துவிடுங்கள். ஒவ்வொரு முறையும் அவன் வாசலில் நிற்க வேண்டும், ஒவ்வொரு முறையும் அவள் சொல்ல வேண்டும். கடிப்பதற்கு முன்னால் அவன் கேட்கட்டும். அவள் முதலில் முடியாது என்றுகூடச் சொல்லட்டும். இருபதாம் அத்தியாயம் வாக்கில் பாண்டிங்கை அறுக்க ஒரு வழி இருப்பது அவளுக்குத் தெரியவரட்டும். ஒரு நாளாவது அறுத்துப் பார்க்கட்டும். அவன் வலி தன்னை எட்டாத ஒரு காலையில் அவள் என்ன செய்கிறாள், யாரைப் போய்ப் பார்க்கிறாள், சாப்பிடுகிறாளா, தூங்குகிறாளா, அதை விரிவாக எழுதுங்கள். கல்யாண அத்தியாயத்தில் அவளைத் தெரிந்த ஒருத்தியைப் பக்கத்தில் நிற்க வையுங்கள், வேண்டாம் என்றால் கூட்டிக்கொண்டு போகக்கூடியவளாக.

கல்யாணத்தைத் தூக்க வேண்டாம். இழுவை என்றவர்களுக்குப் பதில் போட்டுக்கொண்டிருக்கவும் வேண்டாம், அந்த நேரத்தில் தூங்குங்கள், நடுராத்திரிவரை விழித்து உடம்பைக் கெடுத்துக்கொள்ளாதீர்கள். பன்னிரண்டாம் அத்தியாயத்தைத் திருத்தியதும் எனக்கு அனுப்புங்கள். அவள் வாயைத் திறந்து என்ன சொல்கிறாள் என்று பார்க்க வேண்டும்.

அன்புடன்.