கேளுங்க சொல்றோம்: செட்டுல நிக்கிற லான்சர்

கேள்வி: அண்ணா, எங்க பெரியப்பா வீட்டு செட்டுல 2002 மாடல் லான்சர் பெட்ரோல் ஒண்ணு சும்மா நிக்குது, எடுத்து ஓட்டலாம்னு ஆசை. பசங்க எல்லாம் "மிட்சுபிஷியா, அந்த கம்பெனி இன்னும் இருக்கா"ன்னு சிரிக்கிறானுங்க. ரேலி கார் ரேஸ்ல அவ்வளவு ஜெயிச்ச கம்பெனிக்கு ஏன் இந்த கதி?
- ஒரு வாசகர், பாலக்கோடு

பதில்: கம்பெனி இருக்கு தம்பி, நம்ம ஊர்ல தான் கார் விக்கிறதில்ல. உங்க வண்டி திருவள்ளூர்ல இந்துஸ்தான் மோட்டார்ஸ் ஃபேக்டரில செஞ்சது, 1998ல ஆரம்பிச்சாங்க. ஆனா ஒண்ணு, அது 1.5 லிட்டர், டர்போ கிடையாது, பசங்க வீடியோல பாக்குற எவோவோட சாதுவான தம்பி.

பேர் வாங்கிக் கொடுத்தது அந்த எவோ தான், அதாவது லான்சர் எவல்யூஷன், 1992ல வந்துச்சு, 2 லிட்டர் டர்போ, நாலு வீலுக்கும் பவர். ரேலில ஓட்டணும்னா அந்த மாதிரி வண்டி 2500 செஞ்சு காட்டணும்னு அப்போ ரூல், அதனால மிட்சுபிஷி டிரைவர் டாமி மாக்கினென் 1996ல இருந்து 1999 வரைக்கும் வரிசையா நாலு வருஷம் உலக சாம்பியன் ஆனப்போ அவர் வண்டில இருந்த அதே 4ஜி63 எஞ்சின் தான் ஜப்பான்ல ஷோரூம்ல வாங்குன ஆள் வண்டிலயும் இருந்துச்சு. அந்த கெத்து விளம்பரத்துல வராது.

அப்புறம் 2000ல குட்டு ஒடஞ்சுது. கஸ்டமர் கம்ப்ளெயின்ட்ட எல்லாம் 20 வருஷத்துக்கு மேல மறைச்சு வெச்சிருந்தாங்களாம், ஜனங்க நம்பிக்கை போச்சு, காசு வத்துச்சு, 2004ல பங்கு வெச்சிருந்த டெய்ம்லர்கிரைஸ்லர் கம்பெனியும் இனிமே பணம் போட மாட்டோம்னு கைய விரிச்சுட்டாங்க, 2005 சீசனோட உலக ரேலிக்கும் கும்பிடு. 2007ல வந்த எவோ 10 நல்ல வண்டி தான், ஆனா உலக ரேலில கம்பெனி டீமே இல்லாம எதுக்கு அந்த பேரு? 2016ல மைலேஜ் கணக்குல தில்லுமுல்லு வேற, அதே வருஷம் நிசான் கம்பெனி மிட்சுபிஷில 34 சதவீத பங்க வாங்கிடுச்சு.

எஸ்யூவி பக்கம் போனதால தான் கெட்டுப் போச்சுன்னு நிறைய பேர் சொல்றாங்க, நான் ஒத்துக்க மாட்டேன். பஜேரோவும் அவங்க வண்டி தான, டக்கார்னு பாலைவன ரேலில 12 தடவ ஜெயிச்சுதே! சிக்கல் என்னன்னா சொந்தமா செய்ய காசில்ல, பேரு மட்டும் மிச்சம். எக்லிப்ஸ்னு கூபே, அதாவது ரெண்டு கதவு ஸ்போர்ட்டி கார் ஒண்ணு இருந்துச்சு, அந்த பேர 2017ல எக்லிப்ஸ் கிராஸ்னு ஒரு ஃபேமிலி எஸ்யூவிக்கு ஒட்டுனாங்க. ஐரோப்பால 2023ல வந்த கோல்ட்ங்கிற கார், ரெனோ கம்பெனியோட கிளியோவே தான், லோகோ மட்டும் வேற. நம்ம கிருஷ்ணகிரி மாம்பழ சந்தைல மல்கோவான்னு அட்டை எழுதி வெச்சுட்டு கூடைல பெங்களூராவ அடுக்குனா எப்டி இருக்கும்? பெங்களூராவ குறை சொல்லல, கூழ் ஃபேக்டரிங்க அத நம்பி தான் ஓடுது, ஆனா மல்கோவா கேட்டு வந்தவன் முகத்த பாருங்க.

உங்க வண்டிக்கு வருவோம். மொதல்ல ஆர்சி ரினியூ பண்ணிருக்காங்களான்னு பாருங்க, 15 வருஷம் எப்பவோ தாண்டியாச்சு. பழைய பெட்ரோல எறக்கிடுங்க. டைமிங் பெல்ட்ட மாத்தாம சாவி போடவே போடாதீங்க, அறுந்துச்சுன்னா செலவு எஞ்சின்ல போய் நிக்கும்.

கேள்வி: தொப்பூர் கணவாய்ல இந்த லான்சர் இப்போ வர்ற டர்போ வண்டிங்கள வெரட்டுமா?
- அதே வாசகர்

பதில்: தொப்பூர் எறக்கத்துல யாரையும் வெரட்ட வேணாம் சாமி. லோ கியர்ல, முன்னாடி போற லாரிக்கு நல்லா எடம் விட்டு எறங்குங்க.