‘லேசா மயக்கம்தானே, டாக்டர்?’

மலேசியாவின் சுங்கை சிப்புட் சுற்றுவட்டாரத்தில் பால்மரம் (ரப்பர்) போய்ச் செம்பனை வந்துவிட்டது. பரம்பரை நோயால் இதயம் பாதித்தவர்களுக்கு மயக்க மருந்து கொடுப்பது பற்றி எனக்கு வரும் கடிதங்களில் ‘லேசா’ மட்டும் இன்னும் போகவில்லை.

கே: மகளுக்கு நீண்ட கியூடி (இதயத்தின் மின்னோட்டம் ஒவ்வொரு துடிப்புக்கும் பிறகு மீள நேரம் எடுக்கும் நோய்). ஆபரேஷன் அன்று பட்டினி என்பதால் இதயத் துடிப்பை அடக்கும் பீட்டா பிளாக்கர் மாத்திரையை நிறுத்தலாமா?

ப: நீங்களாக நிறுத்தாதீர்கள். பெரும்பாலும் ஒரு மடக்குத் தண்ணீரில் கொடுக்கத்தான் சொல்வார்கள். அப்புறம், வாந்திக்குப் போடும் ஒண்டான்செட்ரானும் கியூடியை நீட்டும். நோயின் பெயரை ஆஸ்பத்திரியில் பார்க்கும் முதல் ஆளிடமே சொல்லுங்கள். மருத்துவக் கோப்பைக் கையோடு கொண்டுபோங்கள்.

கே: மகனுக்கு 5 வயது, வில்லியம்ஸ் சிண்ட்ரோம். சொத்தைப் பல்லை இங்கேயே கிளினிக்கில் லேசாகத் தூங்கவைத்து எடுக்கலாம் என்கிறார்கள். ஈப்போவுக்கு அலைய வேண்டுமா?

ப: அலையுங்கள். ஈப்போவில் முடியாது என்றால் கோலாலம்பூருக்கும் போங்கள். லேசான மயக்கத்துக்கும் ஆழ்ந்த மயக்கத்துக்கும் நடுவே வேலி கிடையாது. பிள்ளை தானாகவே தாண்டிவிடும். இந்த நோயில் 7ஆம் குரோமோசோமில் எலாஸ்டின் மரபணு இருக்கும் துண்டு விடுபட்டிருக்கும். சுமார் பத்தாயிரத்தில் ஒரு குழந்தைக்கு இப்படி. அதனால் மகாதமனி, வால்வுக்குச் சற்று மேலே குறுகுகிறது. இதயத் தசைக்கு ரத்தம் தரும் கரோனரிக் குழாயின் வாயும் குறுகலாம். சாதாரண எக்கோவில் (இதய ஸ்கேன்) அது தப்பிவிடுவதுண்டு. மருந்தால் ரத்த அழுத்தம் இறங்கினால் இதயத் தசைக்கே ரத்தம் போகாது. இதயம் நின்றுபோனால் மீட்பதும் கடினம். இந்தப் பிள்ளைகள் வருகிறவரிடமெல்லாம் சிரித்துப் பேசுவார்கள், நோயாளி மாதிரியே தெரியாது. அங்கேதான் எல்லோரும் ஏமாறுகிறோம். நான் வேலையில் இருந்தபோது இப்படி ஒரு கிளினிக்கிலிருந்து ஆம்புலன்ஸில் வந்த பிள்ளையை இன்னும் மறக்க முடியவில்லை. முதலில் மரத்துப்போகும் ஊசி மட்டும் போட்டு எடுக்க முடியுமா என்று கேளுங்கள். முடியாவிட்டால், குழந்தை இதய நோய் பார்த்துப் பழகிய மயக்க மருந்து டாக்டரும் ஐசியூவும் இருக்கும் இடம்தான். கோப்பு, மறக்காதீர்கள்.

கே: பட்டினி நேரத்தில் பிள்ளை அழுகிறான். கொஞ்சம் மைலோ (சாக்லேட் பானம்) கொடுக்கலாமா?

ப: கூடாது. பால் கலந்தால் அது சாப்பாட்டுக் கணக்கு, 6 மணி நேரம். வெறும் தண்ணீர் 2 மணி நேரம் முன்புவரை, டாக்டர் ஒப்புக்கொண்டால். பிள்ளை காய்ந்துபோனாலும் ஆபத்து. ஆபரேஷன் பட்டியலில் முதல் ஆளாகப் போடச் சொல்லுங்கள்.

கே: கைக்குழந்தைப் பேரனுக்குப் பாம்ப்பே (Pompe) நோய். ஸ்கேனுக்குப் புரோபோஃபால் என்ற மயக்க மருந்து போடுவார்களாம், சரியா?

ப: இதயத் தசை தடித்த குழந்தைக்கு அது ரத்த அழுத்தத்தைச் சட்டென்று இறக்கும். பலர் கெட்டமின் என்ற வேறு மயக்க மருந்தைத்தான் விரும்புவார்கள். முடிவு அங்கே நிற்கும் டாக்டருடையது. கோப்பு.

கே: அப்பாவுக்கு இருதயத்தில் ஏதோ பரம்பரை நோய். மயக்க ஊசி போடலாமா?

ப: ‘ஏதோ’ நோய்க்கு என்ன மருந்து சொல்வது? நோயின் பெயரும் கடைசி எக்கோ அறிக்கையும் வேண்டும். மங்கலாக எடுத்த வாட்ஸ்அப் படம் வேண்டாம்.