‘அவன் ஒன்றும் சொல்லமாட்டான்’

கேள்வி: வீட்டிலிருந்தே ஒரு சென்னை நிறுவனத்துக்கு வேலை பார்க்கிறேன். இணையக் கடைகளுக்கு யார் வருகிறார்கள், எங்கிருந்து வருகிறார்கள் என்று கூகுள் அனலிட்டிக்ஸில் பார்த்துச் சொல்வது எங்கள் தொழில். ஒவ்வொரு தளத்தின் வருகைத் தரவும் அதில் ‘பிராப்பர்ட்டி’ என்ற தனித் தொகுப்பாக இருக்கும். பழைய பிராப்பர்ட்டிகளை, சொன்ன வேலையைத் தானாகவே செய்யும் ஏஐ ஏஜென்ட்டே அழிப்பதற்கு ஒரு டூல் செய்திருக்கிறோம். எது அழியும் என்று முதலில் காட்டி ஒரு கோட் தரும். அந்தக் கோடைத் திருப்பிக் கொடுத்தால்தான் அழிக்கும். இதற்கு ஆவணம் எழுதுவது என் பொறுப்பு. சோதனைக்கு இப்போது சித்தப்பா மகன் லாகினில் டோக்கன், அதாவது அவன் பெயரில் உள்ளே போகும் அனுமதிச் சாவி, எடுத்து ஓட்டுகிறோம். நான் சேர்த்துவிட்ட பையன்தான், அவன் ஒன்றும் சொல்லமாட்டான். நாளைக்கு ஏதாவது தப்பாக அழிந்தால், ஆவணம் எழுதியவன் என்று என்னைப் பிடிப்பார்களா அக்கா? தூக்கம் வரமாட்டேன் என்கிறது.
- வாசகர், பாளையங்கோட்டை

பதில்: தம்பி, உங்களைப் பிடிக்கமாட்டார்கள். சித்தப்பா மகனைத்தான் பிடிப்பார்கள். அனலிட்டிக்ஸில் மாற்ற வரலாற்றைத் திறந்தால் அழித்தவர் என்று அவன் மெயில் ஐடிதான் நிற்கும். ஏஜென்ட் பெயரும் இருக்காது, உங்கள் பெயரும் இருக்காது.

அவன் ஏன் ஒன்றும் சொல்லமாட்டான்? வேலை வாங்கிக்கொடுத்த அண்ணனிடம் எந்தப் பிள்ளை வாயைத் திறக்கும்? இந்த மாதிரிக் கடிதம் எனக்கு வந்துகொண்டேதான் இருக்கிறது. ஒருவர் சீட்டுக்கு ஜாமீன் போடச் சொல்வார், இன்னொருவர் கடையை மச்சான் பெயரில் வைத்திருப்பார். சொந்தத்தில் வாயில்லாத ஒருவனாகப் பார்த்துத்தான் எல்லோரும் கையெழுத்து வாங்குகிறார்கள். மூத்தவன் என்றால் வம்பு வரும்போது முன்னால் நிற்கவேண்டும். பத்தாம்பசலிப் பேச்சு என்றால் இருந்துவிட்டுப் போகட்டும். உங்கள் தூக்கத்தைப் பற்றி எழுதினீர்களே, அவன் தூங்குகிறானா என்று கேட்டீர்களா?

டூலிலும் இதே வேலையைத்தான் செய்து வைத்திருக்கிறீர்கள். கோட் யார் கைக்குப் போகிறது? ஏஜென்ட் கைக்கு. அதைத் திருப்பிக் கொடுப்பதும் ஏஜென்ட். அப்புறம் சம்மதம் சொன்னது யார்? பத்திர ஆபீஸில் எழுத்தரே பத்திரம் எழுதி, அவரே விற்பவருக்குப் பதிலாக ரேகை வைத்தால் சும்மா விடுவார்களா? கோட் ஏஜென்ட் கண்ணில் படாமல் ஒரு மனிதருக்குப் போகட்டும். அவர் பிராப்பர்ட்டியின் பெயரைத் தன் கையால் தட்டச்சு செய்யட்டும். ஏஜென்ட்டையும் டூலையும் இணைக்கும் எம்சிபி முறை வழியாகச் செய்திருந்தால், ‘இந்த டூல் அழிக்கக்கூடியது’ என்று சொல்லும் ‘டிஸ்ட்ரக்டிவ்ஹிண்ட்’ போட்டாயிற்றே என்று சொல்லாதீர்கள். எம்சிபியின் 2025 மார்ச் வடிவத்தில் வந்த அது வெறும் குறிப்பு, எதையும் தடுக்காது.

ஆவணத்துக்கு வருவோம். டூலுக்கு நீங்கள் எழுதும் விளக்கத்தை ஏஜென்ட்டும் படிக்கும், அதை வைத்துத்தான் எப்போது கூப்பிடலாம் என்று முடிவு செய்யும். ‘பழைய பிராப்பர்ட்டிகளை அழிக்க’ என்று எழுதிவைத்தால், பழையது எது என்பதை அதுவே தீர்மானித்துக்கொள்ளும். பத்தமடையில் மணமக்கள் பெயர் நெய்து கல்யாணப் பாய் விற்கும் கடை ஒன்று உங்களிடம் வாடிக்கை என்று வையுங்கள். ஆடியிலும் மார்கழியிலும் முகூர்த்தம் கிடையாது, தளத்தில் ஈ ஆடாது. முப்பது நாள் வருகைக் கணக்கைப் பார்த்த ஏஜென்ட் ‘இது செத்த தளம்’ என்று முடிவு கட்டினால்? தையில் ஆர்டர் குவியும்போது போன தையோடு ஒப்பிட அவர்களுக்கு ஒரு எண்ணும் இருக்காது. அதனால் பிராப்பர்ட்டி எண்ணை மனிதர் கொடுத்தால் மட்டும், ஒரு தடவைக்கு ஒன்று மட்டும் என்று எழுதுங்கள். எழுதினால் போதாது, கோடிங்கிலும் அந்தத் தடை இருக்கவேண்டும்.

‘பாதுகாப்பாக அழிக்கும்’ என்ற வரி இருந்தால் எடுத்துவிடுங்கள். நடப்பதைச் சொல்லுங்கள்: அழித்த பிராப்பர்ட்டி 35 நாள் குப்பைத் தொட்டியில் கிடக்கும், அதற்குள் மீட்கலாம். அது தாண்டினால் கூகுளாலும் மீட்டுத் தர முடியாது. தரவை மட்டும் நீக்கக் கேட்கும் கோரிக்கை வேறு. அதை ரத்து செய்ய ஏழு நாள்தான். இரண்டையும் ஒரே பத்தியில் குழப்பாதீர்கள், அவசரத்தில் படிப்பவன் தப்பான நாளை எண்ணிக்கொண்டிருப்பான்.

சரி, இன்றைக்கே செய்யவேண்டியது. பையனிடம் சொல்லிவிட்டு அவன் டோக்கனை ரத்து செய்யுங்கள். ஏஜென்ட்டுக்குத் தனியாக ஒரு சர்வீஸ் அக்கவுண்ட், அதாவது ஆளுக்கு அல்லாமல் மென்பொருளுக்கென்றே தரும் லாகின், கேட்டு வாங்குங்கள். பையனுக்குப் பார்வையாளர் அனுமதி போதும். ஒப்புதல் தருபவர் என்ற இடத்தில் உங்கள் பெயரைப் போடுங்கள். இதுவரை அவன் லாகினில் என்னென்ன ஓட்டினீர்கள் என்று தேதியோடு எழுதி, ஓட்டச் சொன்னது நான்தான் என்று கீழே கையெழுத்துப் போட்டு நிறுவனத்துக்கு அனுப்புங்கள். அதில் ஒரு நகலை அவனிடமும் கொடுத்துவிடுங்கள்.