பழைய ப்ரீஹாண்ட் பைலை விண்டோஸ் 11ல திறக்கலாமோ?

திறக்கலாம் தம்பி, அழிச்சுப் போடாதேங்கோ. அப்பாவின்ர பிரஸ்ஸில 2004ல கீறின கல்யாணக் கார்ட் டிசைன் எல்லாம் ப்ரீஹாண்ட் எண்ட, மக்ரோமீடியா கொம்பனியின்ர படம் கீறுற சொப்ட்வெயரின்ர பைலாக் கிடக்கு, யாழ்ப்பாணத்தில ஆரிட்டக் குடுத்தும் திறக்கேல்ல எண்டுறீங்கள். அந்த சொப்ட்வெயரின்ர கடைசி வேர்ஷன் எம்எக்ஸ், 2003ல வந்தது, பேந்து 2005ல மக்ரோமீடியாவை அடோபி வாங்கி 2007ல இனிப் புதுசு வராது எண்டு சொல்லிப்போட்டாங்கள்.

முதல்ல பைலை கொப்பி எடுத்து வைச்சிட்டு லிப்ரே ஒபிஸ் இறக்குங்கோ, காசில்லை, 2014ல வந்த 4.2 வேர்ஷனில இருந்து அதில இருக்கிற ட்ரோ எண்ட படம் கீறுற பகுதி ப்ரீஹாண்ட் பைலைத் திறக்கும். கோடு, வளைவெல்லாம் அனேகமா வடிவா வரும், சில இபெக்ட் குழம்பலாம். உண்மையான தலையிடி தமிழ் எழுத்துத்தான், அப்ப எங்கட ஆக்கள் கனபேர் பாமினி எண்ட பொன்ட்டில அடிச்சவை, அது இப்ப எல்லாத்திலயும் வேலை செய்யிற யூனிகோட் எழுத்து முறை இல்லை, அந்த பொன்ட் இல்லாட்டி பொம்பிளை மாப்பிளை பேரெல்லாம் இங்கிலிஷ் எழுத்தும் அரைப்புள்ளியுமாத்தான் தெரியும், பைல் பழுதாப் போச்செண்டு பயப்பிடாதேங்கோ, பாமினியை இன்ஸ்டோல் பண்ணிட்டுத் திருப்பித் திறவுங்கோ. சரிவந்தா உடன எஸ்விஜியா (வேற டிசைன் சொப்ட்வெயரிலயும் திறந்து திருத்தலாம்) ஒண்டு, பிடிஎப்பா ஒண்டு சேவ் பண்ணுங்கோ.

அதுக்கும் மசியாட்டி, அப்பாட்ட அந்தப் பழைய ப்ரீஹாண்ட் சீடி கிடக்கோ எண்டு கேளுங்கோ, வேர்ச்சுவல் மெஷினில, அதாவது கொம்பியூட்டருக்குள்ளயே இன்னொரு கொம்பியூட்டர் மாதிரி ஓடுற சொப்ட்வெயரில, பழைய விண்டோஸ் எக்ஸ்பியும் அந்தச் சீடியும் போட்டுப் பாக்கலாம்.