படைக்குப் போகிற பிள்ளைக்குக் காவடி என்னாகும்?

தென்னாப்பிரிக்காவில் டர்பனின் சாட்ஸ்வர்த்திலிருந்து எழுதியிருக்கும் அம்மாவுக்கு,

மெட்ரிக் முடித்த மகன் ராணுவத்தின் 2 வருஷ எம்எஸ்டிஎஸ் (படைத் திறன் மேம்பாட்டுத் திட்டம்) பயிற்சிக்கு மனுப் போட்டிருக்கிறார். விரதம், காவடி எல்லாம் விட்டுப்போகுமோ என்று கேட்கிறீர்கள். விட்டுப்போக வேண்டியதில்லை. ஆனால் வாய் திறந்து கேட்காத பிள்ளைக்கு விட்டுத்தான் போகும்.

முதலில் நாள்காட்டியைப் பாருங்கள். ஆள் எடுப்பது பெரும்பாலும் ஜனவரியில். தைப்பூசம் அடிப்படைப் பயிற்சியின் முதல் வாரங்களில் வந்து விழும். அப்போது லீவு கேட்டுப் பயனில்லை. பங்குனி உத்திரக் காவடியும் பயிற்சிக்குள்ளேயே வரக்கூடும். நேர்த்திக்கடன் இருந்தால் அடுத்த வருஷத்துக்குத் தள்ளி வையுங்கள், முருகன் காத்திருப்பார். தீபாவளி பொது விடுமுறை இல்லை, அதற்கு வருடாந்திர லீவை முன்கூட்டியே எழுதிக் கேட்க வேண்டும். மொட்டைக்கு மட்டும் எந்தப் பட்டாளமும் மறுப்புச் சொல்லாது!

அடுத்தது சாப்பாடு. சேரும் நாளிலேயே எழுத்தில் கொடுக்கட்டும். வெறும் 'இந்து' என்று எழுதினால் சமையல்கட்டுக்கு ஒன்றும் விளங்காது. மாட்டிறைச்சி மட்டும் கூடாதா, முழுச் சைவமா, முட்டை, மீன் உண்டா என்று பிரித்துச் சொல்ல வேண்டும். தலைக்கணக்குப் பார்த்து முன்பே சரக்கு எடுப்பார்கள். முந்தின நாள் ராத்திரி சொன்னால் தட்டில் இருப்பதுதான் கிடைக்கும். காட்டுப் பயிற்சிக்குக் கொடுக்கும் ரேஷன் பொட்டலத்துக்கும் இதே கதைதான். பிள்ளைகள் தவறுவது இங்கேதான்: வெட்கப்பட்டுச் சொல்லாமல் பட்டினியாக விரதம் இருந்து, வெயிலில் மூட்டையைச் சுமந்து ஓடி மயங்கி விழுவார்கள். பயிற்சி நாளில் தண்ணீரையும் விடும் விரதம் வேண்டாம். புரட்டாசிக்குச் சைவம் மட்டும் போதும்.

சட்டம் உங்கள் பக்கம் இருக்கிறது. அரசியல் சாசனத்தின் 15ஆவது பிரிவுப்படி அரசு நிறுவனங்களில் வழிபாடு நடத்தலாம், ஆனால் வருவதும் வராததும் அவரவர் விருப்பம். ஞாயிறு ஆராதனைக்கு மகனை யாரும் கட்டாயப்படுத்த முடியாது. டர்பனில் ஒரு தமிழ்ப் பெண் பள்ளிக்கு மூக்குத்தி போட்ட வழக்கில், மதம் கட்டாயமாக்காத, தானாக விரும்பிச் செய்யும் வழக்கத்துக்கும் பாதுகாப்பு உண்டு என்று 2007இல் அரசியல் சாசன நீதிமன்றம் சொன்னது.

படையில் மேஜர் ஃபாத்திமா ஐசக்ஸ் தொப்பிக்குள் முக்காடு போட்டதற்கு 2018இல் குற்றச்சாட்டு வந்தது. 2020 ஜனவரியில் அதைத் திரும்பப் பெற்றார்கள். முக்காடு இறுக்கமாக, காதை மூடாமல் இருக்க வேண்டும் என்றார்கள். உடை விதியே 2021இல்தான் மாறியது. உரிமை கிடைத்தது, ஆனால் வருஷங்கள் ஆயின. புதிதாகச் சேர்ந்த பையன் அங்கிருந்து தொடங்கக் கூடாது என்பது என் கருத்து.

அவர் செய்யக்கூடியது இது: கைக் காப்புக் கயிறு தடை தாண்டும்போது மாட்டும், முன்பே பயிற்றுநரிடம் காட்டி அனுமதி வாங்கட்டும். ருத்திராட்சத்தைச் சங்கிலியில் கோக்காமல், இழுத்தால் அறுந்துவிடும் நூலில் கோத்துச் சட்டைக்குள் போடட்டும். அணிவகுப்பு நாளில் நெற்றி விபூதி வேண்டாம், மார்பில் பூசிக்கொள்ளட்டும். அலமாரிக்குள் சாமி படத்தை எங்கே வைக்கலாம் என்று கேட்டு வைக்கட்டும், இல்லையென்றால் சோதனையில் வெளியே வரும். பாசறைக்குள் விளக்கு ஏற்றவே கூடாது, அது தீ விபத்துச் சமாசாரம்.

மறுத்தால் செக்‌ஷன் பயிற்றுநர், பிளாட்டூன் தலைவர் என்று வரிசையாகப் போகட்டும். கூடவே படையின் மதகுருவான சாப்ளினையும் பார்க்கட்டும். சாப்ளின் கிறிஸ்தவராக இருந்தாலும் எல்லா மதத்தாருக்கும் உதவுவது அவர் வேலை. அப்புறம் எழுத்துப் புகார். அதுவும் தீராதபோதுதான் செஞ்சூரியனில் இருக்கும் ராணுவ ஆம்பட்ஸ்மன், அதாவது படையினரின் புகாரை விசாரிக்கும் அலுவலகம். உள் புகாரின் நகலும் தேதியும் இல்லாமல் அங்கே போகாதீர்கள்.