ஊருக்கு அனுப்பினால் போதை போய்விடுமா?

கேள்வி: பாலிடெக்னிக்கில் படிக்கும் என் 18 வயது மகன் கேபாட் மின்சிகரெட் புகைக்கிறான். "தஞ்சாவூரில் அண்ணன் வீட்டில் ஆறு மாதம் விட்டால் திருந்திவிடுவான். இங்கே நாலு பேருக்குத் தெரிந்தால் மானம் போய்விடும்" என்கிறார் கணவர். அனுப்பலாமா?
- ஒரு தாய், உட்லண்ட்ஸ், சிங்கப்பூர்

பதில்: அனுப்பாதீர்கள். அண்ணனால் பையனைக் காவல்தான் காக்க முடியும். சிகிச்சை தர முடியாது.

கேபாட்டில் இருப்பது எட்டோமிடேட். அறுவைச் சிகிச்சைக்கு முன் நோயாளியை மயக்க மருத்துவர்கள் ஊசியில் ஏற்றும் மருந்து அது. 2025 செப்டம்பர் 1 அன்று சிங்கப்பூர் அதைச் 'சி' பிரிவுப் போதைப்பொருளாக வகைப்படுத்தியது. ஆனால், மின்சிகரெட்டை விட்டுவிடத் தாமாக முன்வந்து உதவி கேட்பவர்களுக்குத் தண்டனை இல்லை என்று அரசாங்கமே சொல்லியிருக்கிறது. பிறகு ஏன் மகனை ஒளித்துவைக்க வேண்டும்?

எந்த நேரத்தில், யாரோடு இருக்கும்போது, எந்தச் சண்டைக்குப் பிறகு கை அதைத் தேடுகிறது என்பதைச் சிகிச்சையாளர் அவனோடு உட்கார்ந்து கண்டுபிடிப்பார். அந்த நேரத்தில் வேறு என்ன செய்யலாம் என்று பழக்குவார். அந்த நேரமும் அந்த நண்பர்களும் அந்தச் சண்டையும் உட்லண்ட்ஸில்தானே இருக்கின்றன? ஆறு மாதம் கழித்துச் சாங்கி விமான நிலையத்தில் இறங்கியதும், கைப்பேசியில் அதே விற்பனையாளரின் எண் இருக்கும்.

மானத்தைப் பற்றிக் கவலைப்படும் தந்தைக்கும் இந்தச் சிகிச்சையில் வேலை இருக்கிறது. இரவில் மகனின் பையைக் கொட்டிச் சோதிப்பதையும், உறவினர் முன்னால் திட்டுவதையும் இன்றோடு நிறுத்துங்கள். அவன் வாங்கிய கடனை யாருக்கும் தெரியாமல் அடைப்பதையும் நிறுத்துங்கள். அம்மாக்கள் பெரும்பாலும் செய்வது இதைத்தான். கையில் ரொக்கம் தராமல் கட்டணங்களை நீங்களே கட்டுங்கள். அவன் மயக்கத்தில் இருக்கும்போது வாதாடாதீர்கள். மறுநாள் காலை பேசுங்கள். தெளிவாக இருக்கும் நாளில் கூடவே உட்கார்ந்து சாப்பிடுங்கள், படிப்பைப் பற்றி எதுவும் கேட்காமல். மூச்சுத் திணறினாலோ நினைவிழந்தாலோ ஆம்புலன்சுக்கு 995ஐ அழையுங்கள்.

நடுவில் ஒருமுறை சறுக்கலாம். "எனக்கு அப்போதே தெரியும்" என்ற சொல் மட்டும் வீட்டில் யார் வாயிலிருந்தும் வரக்கூடாது. மறுபடி சிகிச்சையாளரிடம் அழைத்துப் போங்கள்.

மனநலக் கழகத்தில் போதைப் பழக்கத்துக்கென்றே நேம்ஸ் என்ற பிரிவு இருக்கிறது. அதன் உதவி எண் 6732 6837. குடும்பத்தாரும் அழைத்து ஆலோசனை கேட்கலாம். மகன் வர மறுத்தாலும் நீங்கள் இருவரும் இந்த வாரமே அழைத்துப் பேசுங்கள்.